வட்டக் கையெழுத்து

ஜூன் 3, செவ்வாய்

பஞ்சாயத்துக் கமிட்டி. பகுதி வளர்ச்சித் திட்டத்தின் வரைபடத்தை இன்றுதான் மேசையில் விரித்தார்கள். எங்கள் எஸ்டேட் முழுக்கப் பச்சை. டிஸ்பென்சரிக்குக் கீழே உள்ள பந்து மைதானமும் பச்சை. முப்பத்தெட்டு குடும்பத்துக்கு வீடு கட்ட, நாலு வருஷம் நடையாய் நடந்து எஸ்டேட்டிடம் வாங்கிய ஒன்றரை ஏக்கர் அது. பச்சை என்றால் தோட்ட நிலம், வீடு கூடாது. புது வீட்டுவசதிச் சட்டம் வந்த பிறகு பெர்மிட் கொடுக்கும் அதிகாரமும் பஞ்சாயத்தை விட்டு திருவனந்தபுரத்து ஆபீஸுக்குப் போய்விட்டது.

“ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறது” என்று தீர்மானம் போட்டோம். கவலை தெரிவித்துவிட்டுப் பழம்பொரி தின்றோம். நானும்தான் தின்றேன். தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்றாம் லயத்தில் கூரை ஒழுகுகிற இடத்தில் அண்டா வைத்திருக்கிறார்கள். தீர்மானத்தையா வைக்க முடியும்?

ஜூன் 11, புதன்

முப்பது நாளுக்குள் ஜனங்களே ஆட்சேபணை மனு கொடுக்கலாமாம். செக்ரட்டரி ஷெமி சொன்னாள். சாயங்காலம் யூனியன் அறையில் எல்லோரும் கூடினோம். பிச்சையா அண்ணாச்சி வழக்கம்போல எவர்சில்வர் தட்டோடு வந்தார். ரிட்டயர் ஆகிப் பதினோரு வருஷம் ஆகியும் அந்தத் தட்டு அவரிடம்தான் இருக்கிறது. காகிதத்தில் தட்டைக் கவிழ்த்துப் பென்சிலால் வட்டம் போட்டு, அதைச் சுற்றி எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். யார் முதலில் போட்டது என்று எஸ்டேட் துரைக்குத் தெரியாது.

என் அப்பாவால் வந்த பழக்கம் இது. போனஸ் மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. அடுத்த வாரமே வேலை போனது. அதற்குப் பிறகு இந்த எஸ்டேட்டில் யாரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

நூற்றுப் பன்னிரண்டு பேர். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் ஷெமி. “மெம்பரே, இதில் ஒண்ணாமத்தெ பேரு ஆருடெயாணு?”

“அது தெரியக்கூடாதுன்னுதான் வட்டமே.” பெருமையாகச் சிரித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

முதல் பஸ்ஸில் திருவனந்தபுரம். பழவங்காடியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, ஆபீஸில் மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கினேன். தேங்காய் நன்றாகத்தான் சிதறியது.

ஜூலை 8, செவ்வாய்

மழை. நோட்டீஸ் ஒன்றும் வரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

விசாரணை போன வாரமே முடிந்துவிட்டது!

திருவனந்தபுரம் ஆபீஸுக்கே போய்க் கேட்டேன். செக்ஷனில் ஹரிகுமார் என்கிற சூப்பிரண்டு. நல்ல மனுஷன்தான், அதுதான் இன்னும் எரிச்சல். நோட்டீஸை முதல் மனுதாரர் பெயருக்குத்தான் அனுப்புவார்களாம். வட்டத்தில் முதல் ஆள் எங்கே? மனுவிலும் “கீழே கையொப்பமிட்ட தொழிலாளர்கள்” என்றுதான் எழுதியிருந்தேன், என் பெயரைக்கூடப் போடவில்லை. ஃபைலில் ஒரே வரி: மனுதாரர் ஆஜராகவில்லை, தள்ளப்பட்டது.

இன்னொன்றும் சொன்னார். நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் சேர்ந்து ஒரு ஆட்சேபணைதான். ஒரு ரிசார்ட்காரர் குடும்பத்தில் ஆளுக்கொன்றாகப் பதினாறு மனு கொடுத்திருக்கிறார்கள். அது பதினாறு. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைக்குச் சமம்.

“சேச்சி, மேலே ஒரு பேரு எழுதியிருந்நா மதியாயிருந்நு.” ஒரு பெயர் போதுமாம். பதினைந்து நாளுக்குள் புது மனு கொடுத்தால் மறுபடி கேட்பார்களாம்.

அப்பாவுக்குப் பிறகு எங்களைக் காப்பாற்றி வந்த வட்டம் இப்போது எங்களையே கவிழ்த்துவிட்டது. நான்தான் கவிழ்த்தேன்.

ஜூலை 24, வியாழன்

யூனியன் அறை. யார் பெயர் முதலில்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் வீட்டுக்காரர் லிங்கராஜைப் பார்த்தேன். அவருக்கு ஃபேக்டரியில் நிரந்தர வேலை. எங்கள் வீடும் அந்த வேலையோடு வந்த லயத்து வீடுதான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெம்பர் மனுதாரரா நிக்கலாமான்னு செக்ரட்டரிட்ட கேக்கணும்” என்றேன்.

பொய். நேற்றே கேட்டுவிட்டேன். தாராளமாய் நிற்கலாம் என்று ஷெமி சொல்லிவிட்டாள்.

பிச்சையா அண்ணாச்சி பேனாவை எடுத்தார். “நான் போடுதேன் செல்வி. என்னைய என்ன, வேலைய விட்டா தூக்கப்போறான்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனே. எப்படி முடிந்தது?

ஆகஸ்ட் 1, வெள்ளி

மனு கொடுத்தாயிற்று. 1. பிச்சையா, மூன்றாம் லயம், வீடு 6. கீழே வரிசையாக மற்றவர்கள். என் பெயர் நாற்பதாவது. தேங்காய் உடைக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

ரிட்டயர் ஆனவர்கள் லயத்தில் இருக்கக்கூடாதாம், ஐந்து நாளில் காலி செய்யணுமாம். லயங்களில் ரிட்டயர் ஆனவர்கள் பதினாலு பேர் இருக்கிறார்கள். நோட்டீஸ் அண்ணாச்சி ஒருத்தருக்கு மட்டும்.

மேனேஜரிடம் போய்க் கத்தினேன். “ரூல் ஆணு மெம்பரே” என்றான். பதினோரு வருஷம் எங்கடா போச்சு உன் ரூலு?

ஆகஸ்ட் 23, சனி

அண்ணாச்சி போய்விட்டார். ஒரு ஜீப், ரெண்டு மூட்டை, ஒரு கட்டில். மகள் பொன்னம்மை திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைப் பக்கம் ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறாள். அவளுடைய ஒற்றை அறையில் ஏற்கெனவே நாலு பேர். கட்டிலை எங்கே போடுவார்களோ.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உடம்பப் பாத்துக்க” என்றார். லிங்கராஜ் ராத்திரி சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். வெட்கமில்லாத வயிறு.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஓண லீவு முடிந்து ஆபீஸ் திறந்தது. பஞ்சாயத்து வாசலில் போஸ்ட்மேன் என்னை நிறுத்தி ஒரு ரிஜிஸ்டர் தபாலைக் காட்டினார். திரு. பிச்சையா, மூன்றாம் லயம், வீடு 6. விசாரணை 17ஆம் தேதி, காலை பதினொரு மணி. வீடு பூட்டிக் கிடப்பதால் திருப்பி அனுப்பப் போகிறாராம்.

அண்ணாச்சிக்கு போன் செய்தேன். “அந்த ஆபீஸ் இங்கன பக்கந்தான, நடந்தே போயிருவேன்” என்றார். சந்தோஷமாகச் சொன்னார்.

ஷெமி தலையை ஆட்டினாள். எஸ்டேட்டில் குடியிருக்காத ஆள் முதல் மனுதாரராக நிற்க முடியாது. குடியிருக்கிற ஒருத்தர் அந்த இடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் இன்றே அனுப்ப வேண்டும்.

அவள் மேசையிலேயே காகிதம் வாங்கி எழுதினேன். 1. இசக்கிசெல்வி, இரண்டாம் லயம், வீடு 4. எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

லிங்கராஜுக்கு இன்று ரெண்டாம் ஷிஃப்ட். வந்ததும் சொல்லணும்.