உச்சந்தலை விவகாரம்

3 ஜூன் 2022

அன்புள்ள பெரியவனுக்கு,

நான் நலம். நீ நலம் என்று தெரியும். அம்மா நேற்றுதான் அரைமணி நேரம் உன் புராணம் பாடினாள்.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நான் பட்டென்று வைத்துவிடுவேன். அப்புறம் ஒரு வாரம் பேச்சு இருக்காது. அதனால்தான் காகிதம்.

போன திங்கட்கிழமை ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் சர்வீஸ். வேலையை முடித்துவிட்டு, கையெழுத்துப் போடக் காவலாளி அறைக்குப் போனேன். லிஃப்டுக்குள் இருக்கிற கேமரா சரியாகப் பதிகிறதா என்று பார்க்க, அவர் கொஞ்சம் முந்திய காட்சியை ஓட்டிக் காட்டினார். கூரையிலிருந்து எடுக்கிற கேமரா அது. எங்கள் கம்பெனிச் சட்டை போட்ட ஓர் ஆள் குனிந்து பட்டன் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான். உச்சந்தலை வெளுத்துக் கிடந்தது. "யாருங்க இந்த வயசானவரு? எங்க ஆளு மாதிரி இல்லையே" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "தம்பி, அது நீங்கதான்" என்றார்.

எனக்கு இருபத்துநாலு வயசுடா! வழுக்கை விழுகிற வயசா இது? கூட வேலை செய்கிறவன்கள் எல்லாம் முடியை எப்படி வெட்டலாம் என்று யோசிக்கிறான்கள். நான் மட்டும் குளித்துவிட்டு, குளியலறை வடிகால் மூடியில் எத்தனை முடி என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

தோல் டாக்டரிடம் போனேன். "இப்பவே ஆரம்பிச்சா இருக்கறதக் காப்பாத்தலாம். போனது திரும்ப வரும்னு வாக்குக் குடுக்கமாட்டேன். மருந்து தினமும் தடவணும், நிறுத்தினா மறுபடி கொட்டும்" என்றார். மாத்திரையும் உண்டாம், சில பேருக்கு அது ஒத்துக்கொள்ளாதாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். ஆயுசு முழுக்க ஒரு பாட்டிலோடு குடும்பம் நடத்தவேண்டும் என்றால் பயமாகத்தானே இருக்கிறது?

அப்பாவுக்குக் கடைசிவரை அடர்த்தியாக இருந்தது. ஆகவே அவரை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. உன்னை வைத்துத்தான் சொல்லமுடியும். எட்டு நிமிடம் முன்னால் பிறந்தாய் என்பதைத் தவிர உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? மூக்கு நுனி மச்சம்கூட ஒரே இடத்தில். நீயோ மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் பூரா கண்ணாடிகளுக்கு நடுவில் நிற்கிறவன். ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் பிடித்து உன் உச்சியைப் பார்த்துச் சொல். உனக்கும் இருந்தால் இது பிறவியிலேயே வந்தது, நாளைக்கே மருந்தை ஆரம்பித்துவிடுகிறேன். உனக்கு இல்லையென்றால் வேறு ஏதோ கோளாறு, மருந்து வேண்டாம். நீ சொல்வதுதான் முடிவு.

அம்மாவிடம் மூச்சு விடாதே.

உன்
சின்னவன்

---

14 ஜூன் 2022

அன்புள்ள சின்னவனுக்கு,

உடனே எழுதவில்லை என்று கோபிக்காதே. கடையில் கணக்கெடுப்பு, நிற்க நேரமில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன்தான், பொய் சொல்லமாட்டேன். 'யாருங்க இந்த வயசானவரு' என்று தன்னையே கேட்டவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான்.

நீ சொன்னபடி கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே இல்லை. சந்தேகத்துக்கு, கடையில் கண் பரிசோதிக்கிற அக்காவையும் பார்க்கச் சொன்னேன். "நல்லா அடர்த்தியாத்தான் இருக்கு, ஏன் கேக்கறீங்க?" என்றார். ஆகவே இது பிறவிக் கோளாறு இல்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் வேர்த்து வழிகிறாயே, அதுதான் காரணம். ஹெல்மெட்டைக் குறை, சோப்பை மாற்று, தானாகச் சரியாகும். டாக்டர்களுக்கு என்ன, ஆரோக்கியமாகப் போகிறவனையும் பிடித்து உட்காரவைப்பார்கள்.

ஆம்பளைக்கு முடியா முக்கியம்? விட்டுத் தள்ளு. ஒரு விதத்தில் நல்லதுதான். இனிமேலாவது ஆள் மாற்றிக் கூப்பிடமாட்டார்கள்.

உன்
பெரியவன்

---

21 ஏப்ரல் 2024

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா சொல்லியிருப்பாள். ஆனாலும் என் வாயால் நீ கேட்கவேண்டும். ஒரு பெண், கடைக்கு எதிரில் இருக்கிற மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறாள். முதலில் மூக்குக்கண்ணாடி வாங்க வந்தாள். அப்புறம் ஸ்க்ரூ கழன்றது என்று வந்தாள். மூன்றாவது தடவை கழன்றபோது எனக்கே புரிந்துவிட்டது. எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருக்கிறதுடா. இவள் இல்லையென்றால் வேறு யாரும் வேண்டாம்.

ஜூன் பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசுவதாக ஏற்பாடு. நீ இல்லாமல் வரமாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

இன்னொரு விஷயம். அந்தத் தோல் டாக்டரைப் பற்றி எழுதியிருந்தாயே, இப்போதாவது போய் மருந்தை ஆரம்பியேன். இப்போதெல்லாம் நல்ல மருந்துகள் வந்திருக்கின்றன. காலம் ஒன்றும் கடந்துவிடவில்லை. உடனே ஆரம்பித்தால் ஜூனுக்குள் கொஞ்சம் தேறும். தேறாவிட்டால் அன்றைக்கு மட்டும் ஒரு தொப்பி போட்டுக்கொண்டு வா. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

உன்
பெரியவன்

---

9 மே 2024

பெரியவனுக்கு,

'அன்புள்ள' போட வரவில்லை. இந்தத் தடவை இல்லாமலே படித்துக்கொள்.

உன் கடிதம் வந்தபோது சந்தோஷப்பட்டேன். நிஜமாக. மருந்து என்றதும்தான் இடித்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கெஞ்சிக் கேட்டபோது விட்டுத் தள்ளு என்றவனுக்கு இப்போது என்ன திடீர்க் கரிசனம் என்று யோசித்தேன். சரி, நல்ல காரியம் நடக்கிற நேரம், எதையாவது நோண்டக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

நேற்று உன் ஊரில்தான் இருந்தேன். புது லிஃப்ட் மாடலுக்கு ஒரு நாள் பயிற்சி. சாயங்காலம் சொல்லாமல் வந்து உன் முன்னால் நிற்கலாம் என்று நினைத்திருந்தேன். மத்தியானம் கதவுத் தகடு விரலைக் கீறிவிட்டது. பிளாஸ்திரி வாங்க, உன் கடைத் தெருமுனையில் இருக்கிற மருந்துக்கடைக்குப் போனேன். வாயைத் திறக்கவில்லை. அதற்குள் கல்லாவில் இருந்த கடைக்கார அம்மா எகிறினார் பார்.

"என்ன தம்பி இது! நிறுத்தாதீங்க நிறுத்தாதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! போன வாரந்தானே பாட்டில் வாங்கிட்டுப் போனீங்க? அதுக்குள்ள என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

நான் முழித்தேன். "எனக்குப் பிளாஸ்திரி வேணும்" என்றேன்.

"பிளாஸ்திரியத் தலையிலயா ஒட்டப்போறீங்க?" என்று கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்க. ரெண்டு வருஷமா ஒரு மாசம் விடாம வாங்கியிருக்கீங்க. எவ்வளவு நல்லா நின்னுச்சு! யாரு கண்ணு பட்டுச்சோ!"

திரையில் உன் பெயர். முதல் பாட்டில் வாங்கிய தேதி, 2022 ஜூன் ஒன்பது.

நான் உனக்கு எழுதியது ஜூன் மூன்று. 'எனக்கு ஒன்றுமே இல்லை' என்று நீ எழுதியது ஜூன் பதினான்கு. அதாவது மருந்தைத் தலையில் தேய்த்துக்கொண்டு, கையைத் துடைத்துவிட்டு, உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். கண் பரிசோதிக்கிற அக்காவைக்கூட சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். சே!

உன் பேச்சை நம்பி நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு லிஃப்ட் குழிக்குள் இறங்கினேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் கிழிகிழி என்று கிழித்தார். மெமோ கையில் வந்தது. அஞ்சு சோப்பு மாற்றினேன். உனக்குக் கொட்டவில்லை, எனக்கு மட்டும் கொட்டுகிறது, அப்படியென்றால் நான்தான் என்னவோ தப்பாகச் செய்கிறேன் என்று ரெண்டு வருஷம் என்னையே திட்டிக்கொண்டேன். உச்சியில் உள்ளங்கை அளவு இருந்த வழுக்கை இப்போது நெற்றியோடு சேர்ந்துவிட்டது. காப்பாற்றியிருக்கலாம்டா. டாக்டர் சொன்னாரே, இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்று. இருந்தபோது நீ என்னை விடவில்லை.

மருந்து போட்டதற்குக் கோபமில்லை. யார் வேண்டுமானாலும் போடலாம். உன்னிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், உன் தலையைப் பார்த்துச் சொல் என்று. அதைக்கூடவா?

நேற்று உன்னைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டேன். பிளாஸ்திரியும் வாங்கவில்லை.

சின்னவன்

---

18 மே 2024

அன்புள்ள சின்னவனுக்கு,

நீ எழுதியது அத்தனையும் நிஜம்.

உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கே கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். எனக்கும் இருந்தது. உன் அளவுக்கே இருந்தது. மறுநாளே டாக்டரிடம் ஓடினேன். உனக்கு எழுத உட்கார்ந்தபோது உண்மையைத்தான் எழுத ஆரம்பித்தேன். அப்போது ஒரு நினைப்பு வந்தது. பிறந்ததிலிருந்து யார் என்னைப் பாராட்டினாலும், ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் பாராட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு விஷயத்தில், நான் தனியாகத் தெரிந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு எழுதினேன். அற்பத்தனம்தான். செருப்பால் அடி, வாங்கிக்கொள்கிறேன்.

நான் மருந்தை நிறுத்திவிடுகிறேன். ஆறு மாதத்தில் உன்னைப்போலவே ஆகிவிடுவேன். அப்போதாவது மன்னிப்பாயா?

பதினாறாம் தேதிக்கு லீவு கிடைக்காவிட்டால் சிரமப்பட்டு வரவேண்டாம். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன்
பெரியவன்

---

27 ஜூன் 2024

அன்புள்ள சின்னவனுக்கு,

மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைக்காதே. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய ஞாயிறு, பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த மேசையில் நீயே கொடுத்த பட்டம் இது.

நான் வரமாட்டேன் என்றுதானே இருந்தாய்? லீவு கிடைத்தது, வந்தேன். கோபத்தை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். தொப்பி மட்டும் போடவில்லை. உள்ளே நுழைந்ததும் பெண்ணின் அப்பா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க வாங்க, வீட்டுக்கு மூத்தவரு, நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "போட்டோவுல பார்த்தப்பவே உங்க அண்ணனான்னு கேட்டேன். ஆமான்னாரு. அச்சு அசலா இருக்கீங்க" என்றாள். நீ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எத்தன வருஷ வித்தியாசம்?" என்று அவள் அப்பா கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். சாமி சத்தியமாக, அந்த நிமிஷம்கூட நீ சொல்லிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். நீ தலையை நிமிர்த்தாமல், "ஆறு வருஷம்" என்றாய்.

ஆறு வருஷமா! அம்மா "என்னடா உளர்றே, ரெண்டும்..." என்று ஆரம்பித்தாள். மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். பாவம், வலித்திருக்கும். அப்புறம் அவள் சாப்பிடவே இல்லை. பெண்ணின் அத்தை வேறு, "மூத்தவரு நீங்க இருக்க இளையவரு முந்திக்கிட்டாரே, உங்களுக்கு ஏன் தம்பி இன்னும் ஆகல?" என்று துக்கம் விசாரித்தார். "இன்னும் அமையலீங்க" என்றேன். முப்பத்திரண்டு வயது ஆள் மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். எனக்கு இருபத்தாறுடா.

உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் நல்ல பெண். உன்னை அவள் பார்க்கிற பார்வையைக் கெடுக்க மனசு வரவில்லை. ஆனால் என் மூஞ்சியைப் பார்த்து, 'இவன் என்னோடு பிறந்தவன்' என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லையே, அதை எந்த டாக்டரிடம் காட்டுவது?

மருந்து விஷயம். கோபத்தில், போடவே கூடாது, மொட்டைத் தலையோடு உன் ஒவ்வொரு போட்டோவிலும் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று நினைத்தேன். பஸ்ஸிலேயே அந்த நினைப்பு போய்விட்டது. உன்னைப் பழிவாங்க என் தலை எதற்கு? பதினெட்டாம் தேதி டாக்டரிடம் போனேன். போனது போனதுதான், மிச்சத்தை நிறுத்திப் பார்க்கலாம் என்றார். முதல் ஒன்றிரண்டு மாதம் இன்னும் கொட்டும், பயப்படாதே என்றார். மாத்திரை வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், தடவுகிற மருந்து போதும். "என்ன, கல்யாணமா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், எனக்கு என் முடியப் புடிக்கும், அவ்வளவுதான்" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் உன்னைக் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு இது. கேட்காமல் இருந்திருந்தால் ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேயே எடுத்திருப்பேன். கேட்டேனே! அதனால்தானே இந்தக் கதி.

நீ மருந்தை நிறுத்தாதே. எனக்காக வழுக்கையாகிற தியாகமெல்லாம் வேண்டாம். அவளிடம் உண்மையைச் சொல். கல்யாணத்துக்கு முன்னால், நீயாக, உன் வாயால். நான் சொல்லமாட்டேன், அம்மாவையும் சொல்லவிடமாட்டேன்.

சொல்லிவிட்டால் ஒரு வரி எழுது. நாலு கால் பாய்ச்சலில் வந்து பந்தல் வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்கிறேன். அந்த வரி வராவிட்டாலும் கல்யாணத்துக்கு ஆள் வரும். உன் அண்ணன் வருவான். பெரியவர்களோடு முன்வரிசையில் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் ஆறு வருஷம் என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். தம்பி வரமாட்டான்.

இப்படிக்கு,
பெரியவன்