பெட்டியை அணைத்த காலை

இன்று காலை ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணிக்கட்டுப் பட்டையை என்னிடம் நீட்டினார்கள். உள்பக்கம் உன் வியர்வை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. உனக்குப் பிறகு யாரும் அதைக் கட்டவில்லை போலும்.

உன் கை நடுங்கத் தொடங்கியபோது வந்த பட்டை அது. வெல்டிங் டார்ச்சில் ஒரு சென்சார், பக்கத்தில் ஒரு பெட்டி. டார்ச் குழாயைவிட்டு விலகினால் பெட்டி தானே கரண்ட்டைச் சரிசெய்யும். வேகம் தவறினால் பட்டை அதிரும். நீ வெல்டு வைத்த குழாய் ஜாயிண்டுகள் எக்ஸ்ரேயில் மறுபடி சுத்தமாக வந்தன. "இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிட்டா போதும் மச்சான், பொண்ணு நர்ஸிங் முடிச்சிடும்" என்றாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் சொல்லித் தராமல், கண்ணைச் சுட்டுக்கொண்டு இந்த வேலையைக் கற்றவன் நான். டீக்கடையில் எல்லோர் முன்னும் கேட்டேன்: "என்னாப்பா, கைத்தடி இல்லாம நடக்க வராதா?" சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "வருமே. நாளைக்குப் பாரு."

மறுநாள் காலை பட்டையைக் கழற்றிவிட்டுப் பெட்டியை அணைத்தாய். அன்று வந்தது அழுத்தம் தாங்க வேண்டிய நீராவிக் குழாய். முதல் சுற்று வெல்டு முழுவதும் சின்னச் சின்ன ஓட்டை என்று எக்ஸ்ரே காட்டியது. பெட்டி அணைந்த நேரமும் பதிவாகியிருந்தது.

"யார் சொல்லி ஆஃப் பண்ணீங்க?" என்றார் சூப்பர்வைசர். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல சார். எனக்கே தோணிச்சு."

அன்றே உன்னை அனுப்பிவிட்டார்கள். நீலசந்திராவில் உன் வீட்டுக்கு ஒருமுறை வந்தேன். உன் கையில் காபி தளும்பியது. நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பெண் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடைக்குப் போகிறாள் என்றாய். காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன். அடுத்த மழைக்கு நீ உயிரோடு இல்லை.

ஒரே ஒரு ஜாயிண்டுக்காக உன்னை அனுப்பியவர்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர்களைத் திட்டும்போதெல்லாம் டீக்கடையில் நான் கேட்டது நினைவுக்கு வந்துவிடுகிறது. பெட்டி வெல்டர் ஆகாது என்றுதான் இன்றும் சொல்கிறேன்.

என் கையும் இப்போது நடுங்குகிறது. வேறு பட்டையாக இருந்தால் வீசியிருப்பேன். உன்னுடையதை உப்பைத் துடைக்காமல் கட்டிக்கொண்டேன். முதல் ஜாயிண்டிலேயே மூன்று முறை அதிர்ந்தது.

டீக்கடையில் பட்டை தெரியும்படி கையை மேஜைமேல் வைத்து உட்கார்ந்திருந்தேன். நான் உன்னைக் கேட்டதை யாராவது என்னைக் கேட்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போக ஜோகுபாளையம் பஸ் ஏறும்போதும் அதைக் கழற்றவில்லை.