நிமிடத்துக்கு அறுநூறு மில்லி

பாட்டோஸ் டி மினாஸ்,
புதன்கிழமை.

அன்பு மகள் தைனாராவுக்கு அப்பா எழுதுவது.

உடம்பளவில் நானும் உன் அம்மாவும் சுகம். நீ சுகமா என்பதைக் கடவுளிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது, உன்னிடம் கேட்டால் பதில் இல்லை. திங்கள் ராத்திரியிலிருந்து பதினொரு தடவை கூப்பிட்டுவிட்டேன். அப்பா போனை எடுக்காமல் இருப்பாய், ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த பெட்டியைப் பிரிக்காமல் இருக்க மாட்டாய் என்று தெரிந்துதான் இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் இருக்கிற எரிபொருள் பம்ப்புக்கு மேலேயே வைத்துக் கட்டியிருக்கிறேன். இன்று பஸ்ஸில் ஏற்றினால் வெள்ளி மதியம் உன் கைக்கு வரும் என்று பார்சல்காரர் அடித்துச் சொல்கிறார். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைக் கேள். சனிக்கிழமை ஓட்டத்துக்கு, உங்கள் காலேஜ் டீம் கட்டின ரேஸ் காரில் அந்தச் சின்ன பைக்கின் எரிபொருள் பம்ப்பை மாட்டாதே. மாட்டிவிட்டீர்கள் என்றால் கழற்று.

போன வியாழக்கிழமை நீ போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், உங்கள் டீம் மொத்தமும் சுற்றி நின்றது எனக்குத் தெரியும். கேப்டன் கயோ, "அங்கிள், சின்ன பைக்கோட பம்ப்பே போதும்ல? முந்நூறு கிராம் எடை குறையுது" என்றான். நீ, "போதாதுப்பா, நிமிஷத்துக்கு அறுநூறு மில்லியாவது வரணும், கணக்குப் போட்டுட்டேன்" என்றாய். நான் சிரித்தேன். "அட விடும்மா, முப்பது வருஷமா பம்ப்பைக் கரைச்சுக் குடிச்சவன் நான், தம்பி சொல்றதுதான் சரி, தாராளமா போதும்" என்றேன். பையன்கள் சிரித்தது இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. நீ ஆசி கேட்காமலே போனை வைத்தாய். பேச்சு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நீ அப்படி வைத்ததில்லை. உனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை சாப்பிடும்போது உன் அம்மா பேச்சுவாக்கில், "இந்த வருஷம் அவங்க வண்டி எத்தனால்ல ஓடுதாமே, போன மாசமே சொன்னாளே" என்றாள். பீன்ஸ் கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. உங்கள் காரில் இருப்பது பைக் என்ஜின் என்றதும் பெட்ரோல்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இந்த ஊரில் எந்தக் கார் பெட்ரோல், எத்தனால் இரண்டையும் குடிக்காது, சொல். அன்றைக்கு எது மலிவோ அதைத்தானே ஊற்றுகிறார்கள்? அதனால் வாசலில் வண்டி நின்றதும் இறங்குகிறவரிடம் நான் கேட்கிற முதல் கேள்வியே உள்ளே என்ன ஊற்றியிருக்கிறீர்கள் என்பதுதான். கிழட்டு வேனோடு வருகிற பாதிரியாரைக்கூட விடுவதில்லை. உன்னிடம் மட்டும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் என்னிடம் வேலை பார்க்கிற வால்டெசிரைக் கூட வைத்துக்கொண்டு அதே மாதிரி பைக் பம்ப் ஒன்றைச் சோதித்தேன். உங்கள் காரில் இருக்கிற அழுத்தத்தையே வைத்து, எத்தனால் ஊற்றி, ஒரு நிமிடம் குவரானா சோடா பாட்டிலில் பிடித்தோம். நானூற்று அறுபது மில்லி. பம்ப் சூடானபின் மறுபடி பிடித்தால் நானூற்று முப்பது. பெட்ரோலுக்கு அது தட்டுத்தடுமாறிப் போதும், எத்தனால் அதைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடக் கேட்கும், உனக்குத் தெரியாததா? வால்டெசிர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பொண்ணு கணக்குல பாஸ், முதலாளி. நீங்கதான் கேள்வியையே படிக்காம விடை எழுதிட்டீங்க" என்றான். திட்ட வாயெடுத்தவன், அலமாரியைத் திறந்து புதுப் பம்ப் ஒன்றை எடுத்தேன்.

நீளமான ஓட்டத்தின் கடைசியில், நீ முழுசாக மிதிக்கிற இடத்தில்தான் என்ஜினுக்கு எரிபொருள் பற்றாமல் போகும். பிஸ்டன் உருகி என்ஜின் இறுகினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்திருப்பது நீ. உன் அம்மா நீ பேப்பரும் பேனாவுமாக ஓரத்தில் நிற்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது தைனாரா.

பெட்டியில் இருப்பது கார் பம்ப், புதுசு. இதே சோதனையில் நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டர் தந்தது. அம்மாவின் கேக் தராசில் நிறுத்துப் பார்த்தேன், பைக் பம்ப்பைவிட முந்நூறு கிராம் கூட, கயோ சொன்னது உண்மைதான். "என் தராசு பூரா எண்ணெய் நாத்தம், ஆர்டர் எடுத்த கல்யாண கேக்குக்கு மாவை உன் தலையிலயா வெச்சு நிறுக்கிறது" என்று அவள் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னேன் என்பதற்காக இதையும் நம்பிவிடாதே, பாட்டில் வைத்து நீயே பிடித்துப் பார், கயோவையும் பக்கத்தில் நிற்க வை. எத்தனாலுக்கென்று விற்கிற ஹோஸைத்தான் போட வேண்டும். பட்டப்பகலில் எத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது, என் இடது கைத் தழும்பு அப்படி வந்ததுதான். காற்று நெளிகிற மாதிரி தெரிந்தாலே பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெளியே ஓடு, வண்டி போனால் போகட்டும். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், அந்த நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். சாப்பிடாமல் வெறும் காபியிலேயே பொழுதைக் கழிக்காதே.

இன்னொன்று, எழுதக் கை கூசுகிறது. நீ சொன்னதை அந்தப் பையன் சொல்லி, அவன் சொன்னதை நீ சொல்லியிருந்தால், நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருப்பேன். என் பெண் என்பதால் உன்னைச் சின்னப் பிள்ளையாகவே நினைத்துவிட்டேன். தப்பு என்னுடையது.

நீ கேட்கவில்லை என்றாலும் கொடுக்கிறேன், கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், சக்கரம் நான்கும் தரையிலேயே இருக்கட்டும். மறக்காதே, நான் உன்னை மட்டம் தட்டியதை எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை பேரையும் நிற்க வைத்து இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படி.

உன் கணக்கைப் படிக்காமல் பதில் சொன்ன அப்பா,
ஜெனேசியோ