எழுந்தால் அணையும் வண்டி

மரியாதைக்குரிய அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா?

இங்கே புல் வெட்டுவதற்கு, உட்கார்ந்து ஓட்டும் புது வண்டி வந்திருக்கிறது. வந்த நாளிலிருந்து என் உயிரை வாங்குகிறது. சீட்டை விட்டு எழுந்தால் இன்ஜின் அணைந்துவிடும். பாதுகாப்புக்காம். சூப்பர்வைசர் வரும்போதெல்லாம் நான் என்னையறியாமல் எழுந்துவிடுகிறேன். பிறகு பிளேடை நிறுத்தி, பிரேக்கை மிதித்து, மறுபடி சாவியைத் திருக வேண்டும். நேற்று மட்டும் ஏழு தடவை.

“ஏம்ப்பா, என்னைப் பாத்தாலே வண்டிய நிறுத்திடுற? உக்காந்தே வேலையப் பாரேன்” என்றார். “சரிங்க” என்று சொல்லவும் எழுந்து தொலைத்தேன்.

எல்லாம் உங்களால்தான். “பெரியவங்க வந்தா எழுந்திருடா” என்று நீங்கள் தலையில் வைத்த குட்டு, இன்னும் காலில் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போன் செய்யுங்கள். அந்த அரை மணி நேரம் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன். மற்ற நேரத்தில் வேண்டாம். உங்கள் குரல் கேட்டாலும் எழுந்துவிடுகிறேன்.

சூப்பர்வைசர் வருகிறார், முடிக்கிறேன். மறந்துபோய் வேலை நேரத்தில் கூப்பிட்டாலும் பரவாயில்லை அப்பா. வண்டி நின்றால் நிற்கட்டும்.

உங்கள் மகன்