நீ இரண்டு வாரம் வைத்திருந்த நாவல்

மலாக்கா கிளேபாங் கடற்கரையில் தேங்காய் ஷேக் வாங்க மகள் வரிசையில் நின்றாள். அவள் காரில் போட்டுவிட்டுப் போன ஆங்கில நாவலைச் சும்மா புரட்டினேன். பதினாறு வயதுப் பெண்ணின் காதல் கதை. வகுப்பில் எழுந்து பேசச் சொன்னாலே அவளுக்கு நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. அவளுக்கு ஒரு தோழி. அந்த நேரம் வந்தால் கழிப்பறைத் தரையில் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் கேட்காமல், அடங்கும்வரை கூடவே இருக்கிறாள். வீட்டுக்குப் போய் அன்றே படித்து முடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அவளைக் காதலிக்கும் பையன் பேசும் இடங்களில் இந்த வயதிலும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டேன். ஆனால் தோழி வரும் பக்கமெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. நாயகியை விட்டுவிட்டு அவள் தோழியைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீதான் இல்லையே.

நமக்கும் ஒரு நாவல் இருந்தது. நியாலாஸ் பக்கம் நம் செம்பனைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் போய், பதினாறு வயதில் நான்காம் படிவம் படித்த காலம். உன் அக்கா மலாக்காவில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். மாதம் ஒருமுறை டவுன் புத்தகக் கடையிலிருந்து மெட்ராஸ் மாத நாவல் ஒன்று வாங்கி வருவார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் ஏழு பேருக்கும் அந்த ஒன்றுதான். பின்னட்டையின் உள்பக்கம் பென்சிலில் பெயர்களை எழுதி வைப்போம். ஆளுக்கு இரண்டு நாள். படித்தவள் தன் பெயரை அடித்துவிட்டு அடுத்தவள் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். தவறினால் குழாயடியில் பேச்சு வாங்கியே ஆக வேண்டும். அக்கா வாங்கி வருவதால் உன் பெயர் முதலில். உன் கூட்டாளி என்பதால் என் பெயர் இரண்டாவது. அதுவே எனக்குக் கொஞ்சம் கடுப்புதான்.

அந்த மாதக் கதையில் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண். கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு மூச்சு முட்டும். பஸ்ஸில் ஒருவன் தினமும் ஜன்னலோர இடத்தை அவளுக்காகப் பிடித்து வைப்பான். இவ்வளவும் உன் அக்கா சொல்லித்தான் தெரியும். இரண்டு நாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று, புத்தகம் என் கைக்கு வரவில்லை. மற்றவர்கள் நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நீயோ செம்பனை மரத்தோரம் உட்கார்ந்து, முடித்த புத்தகத்தையே மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பையன் உனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிட்டாய் போல என்று எனக்கு ஆத்திரம். இரண்டாவது வாரம் தாங்கமாட்டாமல் வந்து கேட்டேன்.

அதற்கு முந்தைய மாதம்தான் பள்ளியே வரிசையில் நிற்கும் காலைச் சபைகூடலில் நீ மயங்கி விழுந்திருந்தாய். உன் அம்மா காற்று கறுப்பு என்றார். பூசாரி வேப்பிலை அடித்துக் கையில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தார். அந்தக் கையால் புத்தகத்தை அணைத்துக்கொண்டு சொன்னாய்:

"இவளுக்கு வர்ற மாதிரியேதான்டி எனக்கும் வருது. பேயும் இல்ல, ஒன்னும் இல்ல. யார்கிட்டயும் சொல்லல, ஒங்கிட்டதான் சொல்றேன். இன்னும் ரெண்டு நாள் வச்சிக்கிறேன்லா."

"நடிக்காதலா. கத புக்கு படிச்சிட்டு ஹீரோயின் ஆயிட்டியா? குடு."

நீ கொடுத்துவிட்டாய். உன் பெயரை அடிக்கக்கூட இல்லை.

அன்று மத்தியானமே படிக்க உட்கார்ந்தேன். முப்பது பக்கம் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் கை சில்லிட்டுப் போவது, பேசுவதற்கு முன் எச்சில் விழுங்குவது, கூட்டத்தில் கதவோரமாகவே நிற்பது, எல்லாம் நீ. அப்போதாவது எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் தெரியுமா? உனக்கென்று ஒரு கதையையே எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்கு ஒன்றுமே இல்லையே என்று பொருமிக்கொண்டிருந்தேன். உன் மூச்சுமுட்டலைப் பார்த்தும் பொறாமைப்பட்டவள் நான். இதைவிடக் கேவலம் இருக்கிறதா?

அதன்பிறகும் என்னோடு சிரித்தாய், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. பிறகு உனக்கு மலாக்காவில் வேலை, கல்யாணம். எனக்கும் அப்படியே. தீபாவளிக்குத் தீபாவளி போனில் பலகாரக் கதை பேசினோம்.

உன் கருமாதியன்று உன் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இந்த மூச்சு முட்டறதப் பத்தி சின்ன வயசுல ஒரு கூட்டாளிகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன்னு சொல்லுவா. அது நீங்கதானா?" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை நீ அவரிடம் சொல்லவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தலையாட்டினேன். அவரிடம் நீ சொன்னபோது அவர் என்ன செய்தார் என்று கேட்டேன்.

"நா என்னா செஞ்சேன்? சொன்னா, நம்புனேன். அவ்ளோதாங்க."

நல்ல மனிதர். எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. கூட்டத்தில் நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தனை வருஷமும் எனக்கு வர வேண்டியது என்று இன்றைக்கும் எரிகிறது. நீ முதலில் வந்தது என்னிடம். நான் நம்பவில்லை என்றே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருப்பாய். அன்று பொழுது சாய்வதற்குள் நம்பிவிட்டேன்டி. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டு கதவுகள்தான். வந்து சொல்லவில்லை.