முதலிடம் உங்களுடையது அல்ல

என்னைத் தவிர வேறு யாரிடமும் தோல்வியை ஒப்புக்கொள்ளாத என் அன்புக் கணவருக்கு,

முதலில் ஒரு திருத்தம். தொழிற்பேட்டை வாசல் டீக்கடையிலிருந்து மாதா கோயில் படிக்கட்டு வரை கும்மிடிப்பூண்டியில் ஒரு பேச்சு ஓடுகிறது. ரெஜினா டீச்சர் குத்துச்சண்டைச் சங்கத்துக்குப் போய், தன் கணவர் பெயரை இன்னும் பெரிதாக எழுதச் சொல்லிச் சண்டை போட்டாளாம். சண்டை போட்டது உண்மை. காரணம் பொய். உங்கள் பெயரை முதலிடத்தில் எழுதியிருந்தார்கள். அதை அழிக்கச் சொல்லத்தான் போனேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு சங்கத்துக்குச் சொந்தக் கூடம் வந்துவிட்டது. தகரக் கூரைதான், ஆனால் சுவர் நல்ல சுவர். அதில் ஒவ்வொரு எடைப்பிரிவுக்கும் நம் வட்டாரத்தில் பலமாகக் குத்திய ஐந்து பேரை வரிசைப்படுத்தி எழுதுகிறார்கள். லைட்வெயிட் வரிசையில் முதலில் நீங்கள். பழவேற்காடு இஸ்மாயில் நான்காவது. உங்கள் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில், 'இஸ்மாயிலை மூன்றாம் ரவுண்டில் சாய்த்த ஒரே வீரர்' என்று ஒரு வரி. அந்த வரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

செயலாளர் மோகன் உங்கள் இரும்பு மில்லில் லேத்தில் வேலை பார்த்தவர், உங்களுக்கு நினைவிருக்கும். நாற்காலி எடுத்துப் போட்டார், சோடா வரவழைத்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"இன்னா டீச்சரம்மா, அவனவன் ஃபர்ஸ்ட்டு குடுன்னு வந்து நிக்கிறான். நீங்க இன்னாடான்னா அழின்றீங்க?"

"எதை வைத்து முதலிடம் கொடுத்தீர்கள்?"

"இஸ்மாயில் பாய யாருமே கீழ சாச்சதில்ல. அண்ணன் ஒருத்தருதான் சாச்சாரு. அப்போ அண்ணன் குத்துதான பெருசு?"

பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "அண்ணனயே சாச்சவங்க வந்துகீறாங்க. டீச்சரம்மா பேர மேல எழுதிட்டு வேலயப் பாருப்பா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விழுந்தவர் எதனால் விழுந்தார் என்று கேட்காமல், விழுந்ததை மட்டும் வைத்து மதிப்பெண் போடுவது என்ன கணக்கு? வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை கணக்குப் போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இந்த வரிசையைப் பற்றிப் பேச எனக்கும் தகுதி உண்டு. மேடைக்குக் கீழே நின்று கத்தியவர்கள் ஆயிரம் பேர். மறுநாள் உங்கள் உடம்பைப் பார்த்தவள் நான் ஒருத்தி. பொன்னேரி ஏசுபாதத்தின் குத்தில் சத்தம் அதிகம். புருவம் கிழியும், ஒரு வாரத்தில் தழும்புகூட இருக்காது. செவ்வாப்பேட்டை தாமோதரனின் இடது கை அதைவிடக் கனம். அவரோடு மோதிவிட்டு வந்தால் உங்களுக்குத் தாடை அசையாது, கஞ்சிதான். இஸ்மாயில் குத்தினால் வெளியே ஒன்றுமே தெரியாது. நீங்கள் நன்றாகத்தான் நடந்து வருவீர்கள். இரவில் சிறுநீரில் இரத்தம் வரும். பல நாள் உங்களுக்குச் சட்டை மாட்டிவிட்டவள் நான். அவருடன் மோதிய முதல் இரண்டு ஆட்டங்களும் அப்படித்தான் முடிந்தன, இரண்டிலும் தோற்றீர்கள்.

உங்கள் பலம் காலில் இருந்தது, கையில் அல்ல. அடி வாங்காமல் சுற்றிச் சுற்றி வந்து, சின்னச் சின்னதாகக் குத்திப் புள்ளிக் கணக்கில் ஜெயிப்பீர்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் பலமாகக் குத்தியவர்கள் வரிசை என்றால், இஸ்மாயில், தாமோதரன், ஏசுபாதம், அதன் பிறகு நீங்கள். கோபித்துக்கொள்ளுங்கள். நான்காவதுதான்.

அந்த மூன்றாவது ஆட்டம் உங்கள் மில் மைதானத்தில் நடந்தது. பழைய இரும்பு எடை போடும் தராசில் உங்கள் இருவரையும் ஏற்றி நிறுத்தி எடை பார்த்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. ஜெயித்தவருக்கு மில்லில் நிரந்தர வேலை என்று மேலாளர் அறிவித்திருந்தார். ரம்ஜான் மாதம். நோன்பு திறந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் என்றுதான் முடிவு. கடைசி நேரத்தில் மேலாளர் மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று வெயில் தாழும் முன்பே நடத்தச் சொல்லிவிட்டார். வர முடியாது என்றால் வேலை மற்றவருக்கு. இஸ்மாயில் மேடை ஏறினார். மூன்றாம் ரவுண்டில் விழுந்தார். உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் ஆரத்தி எடுத்தேன். அவருக்கு நோன்பு என்பது அன்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

போன வருடம் ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், நான் சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே நீங்கள் சொன்னீர்கள்.

"ரெஜினா, ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சு பக்கெட்டு வந்துது. அவன் மூஞ்சத் திருப்பிக்கினான். ஒரு சொட்டு வாயில வெக்கல. அப்போதான் எனக்கு ஞாபகம் வந்துது. வெறும் வவுறுன்னு தெரிஞ்சுதான் வவுத்துல குத்துனேன்."

மறுநாள் அவரைப் பார்க்கப் போனீர்களா என்று கேட்டேன். ஃபேனைக் குறைக்கச் சொன்னீர்கள்.

இந்தக் கடிதம் பத்திரிகைக்கும் போகிறது. நம் பக்கத்து வழக்கம் வெளியூரில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அதனால் எழுதிவிடுகிறேன். ஜெயித்தவர் மறுநாள் காலையில் தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் மனதில் ஒன்றும் இல்லை என்று பொருள். தாமோதரன் நம் வீட்டில் இட்லி சாப்பிட்டிருக்கிறார். இஸ்மாயில் இரண்டு தடவை வந்து, என் கையால் ஆப்பம் சாப்பிட்டுவிட்டு, உங்கள் விலாவைத் தொட்டுப் பார்த்து, "வலிக்குதா நைனா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நீங்களும் எல்லோர் வீட்டுக்கும் போனீர்கள். அவர் வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

நான் போனேன். போன வாரம் பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பழவேற்காடு பஸ். கயிறும் வலையும் விற்கும் அவர்களுடைய கடை அப்படியே இருக்கிறது. மகன் வியாபாரத்தைக் கவனிக்கிறார். இஸ்மாயில் உள்ளே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் பார்வை போய்விட்டது. குரலை வைத்துத்தான் என்னைத் தெரிந்துகொண்டார்.

"செல்வராஜ் ஊட்டுக்காரம்மாவா? வாங்க, வாங்க. அவன் மவுத்தான சேதி லேட்டாத்தாம்மா தெரிஞ்சுது."

சுவரைப் பற்றிச் சொன்னேன். கடையே அதிரச் சிரித்தார்.

"நாலாவதா? பரவால்லியே, லிஸ்ட்டுல கீறேனே!"

"நீங்கள் அன்று நோன்பு வைத்திருந்தீர்கள். அதைச் சொல்லி உங்களை மேலே எழுதச் சொல்லியிருக்கிறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. "அப்போ அவனுக்கு அது ஞாபகம் இருந்துச்சா?" என்றார்.

"இருந்தது. நீங்கள் தண்ணீரை மறுத்ததைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் வயிற்றில் குத்தினார்."

கையில் இருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். மகன் ஏதோ சொல்ல வந்தார், இவர் கையமர்த்தினார்.

"குத்துனதுல தப்பு இல்லம்மா. ரிங்குக்குள்ள ஏறிட்டா அதான் ஆட்டம். நானா இருந்தாலும் அங்கதான் குத்தியிருப்பேன்." நூலைக் கீழே வைத்துவிட்டு, "மறுநாளு எனக்கு நோன்பு. ஆனா அவன் வருவான்ல? ஊட்ல இடியாப்பம் பண்ணச் சொல்லிட்டேன். எங்கம்மா மத்தியானத் தொழுக வரிக்கும் தட்ட மூடியே வெச்சிருந்துச்சு. அப்புறம் எதுத்த ஊட்டுப் புள்ளைங்களக் கூப்ட்டுக் குடுத்துட்டோம்," என்றார்.

தான் பட்டினியாக இருந்துகொண்டு, தன்னை அடித்தவருக்கு இடியாப்பம் செய்து வைத்த மனிதர். அந்தக் காலையில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலை உத்தரவை வாங்க இஸ்திரிச் சட்டை கேட்டீர்கள். அதற்குப் பின் எத்தனை வருடங்கள்! பொன்னேரிச் சந்தைக்கு மீன் வாங்கப் போயிருக்கிறீர்கள். அங்கிருந்து ஒரு பஸ் தூரம். ஒரு வார்த்தை போதும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? அல்லது தோன்றித் தோன்றித்தான் ஏறாமல் திரும்பினீர்களா?

எனக்கு வரும் கோபம் குத்துக்காக அல்ல. வேலை தேவைப்பட்டது, பயமும் இருந்தது, கை அங்கே போய்விட்டது. மனிதர்தானே. ஆனால் நான் கான்வென்டில் சிஸ்டர்களிடம் வளர்ந்தவள். என் கணவர் யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை என்று இந்த ஊரில் நிமிர்ந்து நடந்தவள். அந்த நடையை எனக்குக் கொடுத்துவிட்டு, உண்மையை உங்களிடமே வைத்துக்கொண்டீர்கள். கடைசியில் அதையும் கொண்டுவந்து என் மடியில் போட்டீர்கள். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல் என்னிடம் ஏன் சொன்னீர்கள்? நான் சும்மா இருப்பேன் என்று நினைத்தா, சும்மா இருக்க மாட்டேன் என்று தெரிந்தா?

இஸ்மாயில் வீட்டில் என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். சாப்பிட்டேன். உங்களுக்குப் பதிலாகச் சாப்பிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அதை இன்னொருவர் சாப்பிட முடியாது.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "மொத எடமெல்லாம் எனக்கு வாணாம்மா. எழுதுறவங்க எழுதிக்கினு போட்டும்." அவருக்கு வேண்டாம். எனக்கு வேண்டும்.

இங்கே செய்தி இவ்வளவுதான். உங்கள் மில்லை மூடிவிட்டார்கள், கேட்டில் துருப் பிடித்த பூட்டுத் தொங்குகிறது. மோகன் தினமும் செல்போனில் கூப்பிடுகிறார். "பேஜார் பண்ணாதீங்க டீச்சரம்மா. ஞாயித்துக்கெழம தெறப்பு விழா, பெரிய மனுஷங்கல்லாம் வராங்கோ. அண்ணன் கிளவுஸ் போட்ட படத்த மட்டும் குடுத்துடுங்க," என்கிறார். அந்தப் படம் ஒன்றுதான் இருக்கிறது, அது என்னிடம்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கொடுக்கவில்லை. அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறீர்கள். கொஞ்ச நாள் அங்கேயே இருங்கள்.

ஒரு வாக்குத் தருகிறேன். இஸ்மாயில் பெயர் மேலே போய், உங்கள் பெயர் நான்காவது இடத்துக்கு இறங்கி, அந்தச் சிவப்பு வரி அழிந்த அன்று, உங்கள் படத்தை நானே துடைத்து, நானே எடுத்துப் போய், அந்தச் சுவரில் மாட்டுவேன். நான்காவது இடத்தில் நிற்கும் உங்களை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியும். முதலிடத்தில் முடியாது.

என்றும் உங்கள் மனைவி,
ரெஜினா செல்வராஜ்

பி.கு.: என் கணவரிடமிருந்து எனக்குப் பதில் வராது. ஆகவே சங்கச் செயலாளர் அவர்களைக் கேட்கிறேன். பெயர்களை மாற்றி எழுதுவீர்களா, மாட்டீர்களா? போனில் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பாக எழுத்தில் பதில் அனுப்பவும்.