பங்கர் வேண்டாம் என்றவன்

4.5.1999, செவ்வாய்க்கிழமை, மனோர் பார்க்

இன்று செய்தியில் ஒக்லஹோமாவைக் காட்டினார்கள். சுழல்காற்று தெருத்தெருவாக வீடுகளை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. என் மூத்தவன் சுதன் அங்கேதான் இருக்கிறான். காலையிலிருந்து மகள் வசந்தி போன் அடிக்கிறாள், யாரும் எடுக்கவில்லை.

இந்த வருஷம் தையிலேயே அவனுக்குப் பக்கத்து மாநிலத்தில் இந்தக் காற்று அடித்தது. அன்றைக்கே, "நிலத்துக்குக் கீழ ஒரு அறை கட்டடா" என்று கெஞ்சினேன்.

"யாழ்ப்பாணத்தில குண்டுக்குப் பயந்து பங்கருக்கை இருந்தது காணும், அம்மா. தம்பி அதுக்கை மண் மூடித்தானே செத்தவன். நான் இனி இறங்கமாட்டன்."

"அப்ப என்னோட கதையாதை" என்று போனை வைத்தேன். சித்திரை வருஷப் பிறப்புக்கு அவனாகப் போன் அடித்தான். அந்தக் கோபத்தில் நான் போனுக்கு வரவில்லை.

"லைன் அறுந்திருக்கும். அண்ணை தப்பியிருப்பார், அம்மா" என்கிறாள் வசந்தி. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொல்கிறாள். சின்னவனைத் தோண்டி எடுக்கும்வரை அயலவர்களும் இப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வசந்தி கீழ்த்தளத்துக்குப் போய்த் திரும்பவும் நம்பரை அடிக்கிறாள். அவன் எடுத்தால் முதலில் நன்றாக ஏசுவேன். எடுப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.